படம் கறுப்பு, சத்தம் மட்டும் வருகிறதே!

கேள்வி: ஹெத்தையம்மன் பண்டிகையை மகன் ஐபோனில் எடுத்து அனுப்பினான். உபுண்டு (விண்டோசுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் சிஸ்டம்) போட்ட பழைய லேப்டாப்பில் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை. பேசாமல் விண்டோசுக்கே போய்விடவா?
– வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: அவசரப்படாதீர்கள், வீடியோவும் கெடவில்லை, லேப்டாப்பும் கெடவில்லை. ஒரே ஃபைலுக்குள் சத்தம் ஒரு முறையிலும் படம் வேறு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், அதை விரிக்கிற வேலை கோடெக் என்ற சிறு மென்பொருளுடையது. ஐபோன் 7 முதல் படம் வழக்கமாக ஹெச்.265 வகையில்தான் பதிவாகும். அதற்குக் காப்புரிமை இருப்பதால் அதன் கோடெக்கை உபுண்டு கூடவே தருவதில்லை. (எம்பி3-க்கும் இதே தொல்லை இருந்தது, 2017-ல் காப்புரிமை காலாவதியானதும் ஒழிந்தது.) உபுண்டு நிறுவும்போது 'கூடுதல் மீடியா வகைகள்' என்று ஒரு கட்டம் வரும், பெரும்பாலோர் டிக் செய்யாமல் தாண்டிவிடுவார்கள், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் வி.எல்.சி என்ற இலவச வீடியோ பிளேயரைப் போடுங்கள். கோடெக்குகளைத் தன்னோடே கொண்டுவரும், பாதிப் பேருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். உபுண்டுவின் சொந்த பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் கோடெக்குகள் அடங்கிய 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையால் நிறுவுங்கள். மேகம் இறங்கி சிக்னல் போவதற்குள் காலையிலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது. பாதியில் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிமப் பக்கம் ஒன்று திரையை அடைத்துக்கொண்டு வரும், அங்கே மவுஸ் வேலை செய்யாது, என்டரைத் தட்டினாலும் அசையாது. டேப் விசையை ஒருமுறை அழுத்தினால் 'ஓகே' நிறம் மாறும், அப்புறம் என்டர். சிஸ்டம் நின்றுவிட்டது என்று இந்த இடத்தில் பவர் பட்டனை அமுக்கியவர்களில் நானும் ஒருவன்.

படம் வந்தும் திக்கித் திக்கி ஓடி, மார்கழிக் குளிரிலும் ஃபேன் அலறுகிறதா? இன்டெல்லில் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் ஹெச்.265-ஐ விரிக்க லினக்ஸுக்கு வன்பொருள் உதவி கிடைக்காது, முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் பழைய வகையான ஹெச்.264 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய மெஷினில் நேரம் பிடிக்கும், இரவு போட்டுவிட்டுப் படுங்கள். அடுத்த தடவைக்கு மகனிடம் சொல்லி ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைக்கச் சொல்லுங்கள். இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: டிவியில் ஹெச்டிஎம்ஐ ஒயர் மாட்டிப் படம் பார்த்தோம். கழற்றிய பிறகு லேப்டாப்பில் சத்தமே இல்லை.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: சத்தம் இன்னும் டிவிக்கே போய்க்கொண்டிருக்கிறது. சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் என்ற இடத்தில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ஸ்பீக்கரே இல்லையென்றால் 'பேவு கன்ட்ரோல்' என்ற ஒலி அமைப்பு மென்பொருளை நிறுவி, கான்ஃபிகரேஷன் பக்கத்தில் 'அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்' வையுங்கள். அதற்கும் முன்னால், ஹெட்போன் ஓட்டையில் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், போன மாதம் அரை நாள் போனது எனக்கு.