ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், சரி. ஆனால் தங்குவதற்கு வீடு இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் கோவை. ஓட்டல் மேலாண்மையில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, 12 ஆண்டுகள் ஓட்டல் சமையலறைகளில் வேலை பார்த்தேன். பிறகு சொந்தமாகத் தொடங்கிய கேட்டரிங் தொழில் நஷ்டத்தில் முடிந்தது. விவாகரத்தும் ஆகிவிட்டது. கடனை எல்லாம் அடைத்தது போகக் கையில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஏழு வயது மகள் அவள் அம்மாவிடம் வளர்கிறாள். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு விசாவே இல்லாமல் போய் வேலை பார்க்கலாம், வரி குறைவு, சம்பளம் அதிகம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஏஜெண்ட் ஒருவர் 4 லட்சம் கேட்கிறார். போய் இறங்கி வேலை தேடலாமா? சில ஆண்டுகளில் அங்கேயே குடியுரிமை வாங்கி மகளையும் அழைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: வேலையும் தங்க இடமும் எழுத்தில் உறுதியாகும் வரை கிளம்பாதீர்கள். ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குடியுரிமைக்கு அந்தத் தீவு வழி இல்லை. இந்த மூன்றும் ஏன் என்று விளக்குகிறேன்.

வீடியோவில் சொன்ன அடிப்படைச் செய்தி பொய்யில்லை. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிசில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் அந்தத் தீவுக்கூட்டத்தை நார்வேயின் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்தது. கூடவே, ஒப்பந்த நாடுகளின் குடிமக்கள் அங்கே சம உரிமையோடு தொழில் செய்யலாம் என்றும் சொன்னது. அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இந்தியாவும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டவரையும் நார்வே அதே மாதிரியேதான் நடத்துகிறது. அதனால் அங்கே தங்குவதற்கு விசாவோ, வேலை பார்க்கத் தனி அனுமதியோ யாருக்கும் தேவையில்லை. தலைநகரான லாங்இயர்பியனில் சுமார் 2,500 பேர்தான் வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் ஐம்பது நாடுகளுக்குக் குறையாமல் வந்தவர்கள். தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் கணிசமாக இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓட்டல், சமையல், துப்புரவு வேலைகளில்.

வீடியோ சொல்லாமல் விட்டது, அங்கே போய்ச் சேரும் வழி. லாங்இயர்பியனுக்குப் பயணிகள் விமானம் ஆஸ்லோவிலிருந்தோ ட்ரோம்சோவிலிருந்தோதான் கிளம்புகிறது. இரண்டும் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள் இருக்கும் நார்வே ஊர்கள். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. ஆக, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்களுக்கு நார்வே வழியாகப் போக ஷெங்கன் விசா வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு முறை உள்ளே நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். தீவில் இருக்கும்போது அந்த விசா காலாவதியானால், தீவில் தங்குவதில் சிக்கல் இல்லை. வெளியே வருவதில்தான் சிக்கல். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாளைக்கே கிளம்ப வேண்டிய நிலை வந்தால் இதன் கனம் புரியும். ஒவ்வொரு முறை ஊருக்கு வந்து போகவும் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த 4 லட்சத்தைப் பார்ப்போம். தீவில் வேலை அனுமதியே தேவையில்லை என்கிறபோது ஏஜெண்ட் எதை வாங்கித் தரப்போகிறார்? ஷெங்கன் விசாவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அவர் உண்மையிலேயே ஒரு முதலாளியிடம் வேலை பிடித்துத் தருகிறார் என்றால், இந்தியக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடு. உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் முதலில் இருந்திருக்க வேண்டிய விஷயம் இது. லாங்இயர்பியனில் கோவை மாதிரி “வீடு வாடகைக்கு” என்ற போர்டைப் பார்த்துப் போய்ப் பேச முடியாது. வீடுகளில் பெரும்பகுதி அரசுக்கோ, நிறுவனங்களுக்கோ சொந்தம். அவர்கள் அவற்றைத் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கிறார்கள். வேலை போனால் அறையும் போகும். இதன் பின்னால் வரலாறு இருக்கிறது: அது நிலக்கரிச் சுரங்க நிறுவனம் கட்டிய ஊர். வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்காகத்தான் அங்கே வீடுகள் எழுந்தன, குடும்பமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்வதற்காக இல்லை. 2015 டிசம்பர் 19 அன்று மலைச்சரிவிலிருந்து பனி சரிந்து 11 வீடுகளை அடித்துச் சென்றது, இரண்டு பேர் இறந்தார்கள். 2017-இல் மறுபடி ஒரு பனிச்சரிவு. அதற்குப் பிறகு அபாயப் பகுதியிலிருந்த பல வீடுகளைக் காலி செய்து இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்டுவதும் லேசான காரியமில்லை. நிலம் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பது, கோடையில் அதன் மேலடுக்கு மட்டும் இளகும், எனவே ஆழமாகத் தூண் இறக்கித்தான் கட்ட வேண்டும். கட்டுமானப் பொருள் எல்லாம் கப்பலில் வர வேண்டும். ஆகவே வாடகைக்கு அறை கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் விலை எட்டாது.

சரி, வேலை இல்லாமலேயே போய் இறங்குகிறீர்கள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் 9 லட்சம் சுமார் ஒரு லட்சம் நார்வே குரோனர். ஏஜெண்டுக்கு 4 லட்சம் போனால் மீதி 55,000 குரோனர் அளவில். விமானச் செலவும் குளிருக்கான உடைகளும் அதில் பெரிய பங்கைத் தின்னும். சாதாரண விடுதி அறைக்கே ஓர் இரவுக்கு ஆயிரம் குரோனரை ஒட்டி ஆகும். காய்கறி, பால், பழம் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன, விலையும் அப்படித்தான் இருக்கும். மொத்தத்தில் ஒரு மாதம் தாங்கினால் பெரிது. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைத் தீவிலிருந்து வெளியேற்ற ஸ்வால்பார்ட் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. அதற்கென்று 1995-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. நார்வேயின் மற்ற ஊர்களில் வழியில்லாதவருக்கு உள்ளாட்சி கொடுக்கும் உதவித்தொகை இங்கே கிடையாது. யாரையும் தடுக்காத அந்தத் தீவு யாரையும் தாங்குவதும் இல்லை. நல்ல மனிதர்கள் இதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீடியோ எடுப்பவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

வரி விஷயம் உண்மைதான். வருமான வரி 8 விழுக்காடு, அதோடு தேசியக் காப்பீட்டுக்கான பங்கு. இரண்டும் சேர்ந்து 16 விழுக்காட்டை ஒட்டி வரும். நார்வேயில் எல்லாப் பொருளுக்கும் உள்ள மதிப்புக்கூட்டு வரியும் இங்கே இல்லை. முழுநேர வேலையும் நிறுவனமே தரும் அறையும் இருந்தால் ஒரு சமையல்காரர் நன்றாகவே சேமிக்கலாம். சம்பளம் நியாயமானதா என்று அளக்க ஒரு அளவுகோல் தருகிறேன்: நார்வே நிலப்பரப்பில் ஓட்டல் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்குச் சுமார் 200 குரோனர். அதைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஓட்டல் வேலைக்கு அங்கே சீசன் உண்டு. பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை பனிவண்டிப் பயணங்களுக்கு ஆட்கள் வருவார்கள், கோடையில் கப்பல் பயணிகள். நவம்பர் முதல் ஜனவரி வரை கூட்டம் குறையும், சில முதலாளிகள் வேலை நேரத்தையும் குறைப்பார்கள். அறை வாடகை மட்டும் குறையாது. ஊரும் மாறிக்கொண்டே இருக்கிறது. நிலக்கரி மின்நிலையத்தை 2023-இல் மூடி டீசலுக்கு மாறினார்கள். அங்கே நார்வே நடத்திய கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கமும் 2025-இல் மூடப்பட்டது. 2025 ஜனவரியிலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் போகும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது. சுற்றுலாவை நம்பி வேலை தேடும் நீங்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது குடியுரிமை. ஸ்வால்பார்டில் பத்து ஆண்டு வாழ்ந்தாலும் அது நார்வேயின் நிரந்தரக் குடியிருப்புக்கோ குடியுரிமைக்கோ கணக்கில் வராது. நார்வேயின் குடிவரவுச் சட்டம் அந்தத் தீவுக்குப் பொருந்தாது. விசா வேண்டாம் என்ற வசதிக்கும் ஆண்டுகள் சேராத இந்தக் குறைக்கும் காரணம் ஒன்றேதான். 2022-இல் இன்னொன்றும் நடந்தது. நிலப்பரப்பில் மூன்றாண்டு வாழாத வெளிநாட்டவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை இழந்தார்கள். ஊரில் சிறிய மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பிரசவத்துக்கு வசதி இல்லை. கர்ப்பிணிகள் தேதிக்கு மூன்று வாரம் முன்பே நிலப்பரப்புக்குப் போய்விட வேண்டும். பெரிய நோய் என்றால் ட்ரோம்சோவுக்கு விமானம். முதியோரைப் பராமரிக்கும் ஏற்பாடும் இல்லை. உழைக்கும் வயதில், உடம்பு நன்றாக இருக்கும் வரைக்குமான ஊர் அது. நீங்களோ வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கப் பார்க்கிறீர்கள். ஸ்வால்பார்டில் இரண்டு மூன்று வருடம் சம்பாதிக்கலாம். மகளோடு வேரூன்ற நினைக்கிறவருக்கு அது பொருந்தாது.

அதற்கு நார்வே நிலப்பரப்பைப் பாருங்கள் என்பேன், குறிப்பாக வட மாகாணமான ஃபின்மார்க்கை. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் அங்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துத்தான் நார்வேயில் காலூன்றினார்கள். குளிரும் இருட்டும் தூரமும் அங்கேயும் உண்டு, விலைவாசியும் அதிகம்தான். ஆனால் ஆள் தேவைப்படும் பகுதி என்பதால் அரசே சலுகை தருகிறது: வருமான வரி குறைவு, 2023 ஆகஸ்டிலிருந்து குழந்தைகள் காப்பகம் இலவசம். திறன்மிகு பணியாளர் அனுமதியில் போனால், நீங்கள் வாழும் ஒவ்வோர் ஆண்டும் நிரந்தரக் குடியிருப்புக்குக் கணக்கில் சேரும், மகளை அழைத்துக்கொள்ளவும் சட்டப்படி வழி உண்டு. இதற்கு முதலாளி ஒருவரின் முழுநேர வேலை உறுதி, நார்வே விகிதத்துக்குக் குறையாத சம்பளம், மேல்நிலைப் பள்ளிக் கல்வி அளவில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி ஆகியவை வேண்டும். உங்கள் டிப்ளமோ இங்கேதான் கைகொடுக்கும். சான்றிதழ், பாடவாரியான மதிப்பெண் பட்டியல், 12 வருட அனுபவக் கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போதே ஆங்கிலத்தில் தயார் செய்யுங்கள். நார்வே மொழியையும் இன்றே தொடங்குங்கள். சமையலறையில் ஆங்கிலம் போதும், மற்ற இடத்துக்கெல்லாம் போதாது. இந்த வழி மெதுவானது, ஒரு வருடம்கூட ஆகலாம். உங்கள் நிலைமைக்கு இதுதான் சரி என்று நம்புகிறேன்.

மகளைப் பற்றி ஒன்று. எந்த நாட்டுக்கு அழைப்பதாக இருந்தாலும் தாயின் எழுத்துபூர்வமான சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ கேட்பார்கள். விவாகரத்துத் தீர்ப்பில் குழந்தையின் பொறுப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தப் பேச்சை நல்ல முறையில் நடத்த, நீங்கள் ஊரில் இருக்கும் இந்தக் காலம்தான் வசதி.

இவ்வளவுக்குப் பிறகும் சேமிப்புக்காக ஸ்வால்பார்ட் போகலாம் என்று முடிவெடுத்தால், அதுவும் தவறில்லை. இருட்டுக்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்துங்கள். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேல் வரும். ஊரைச் சுற்றி மலைகள் இருப்பதால் லாங்இயர்பியனுக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும், அதை ஊரே கூடித் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. குடும்ப முறிவுக்குப் பிறகு தனியாகப் போகிறவருக்கு அந்த மாதங்கள் கடினம். முதல் முறை மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான வேலையாகப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் இந்திய நேரம் நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கும். மகள் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது உங்களுக்குக் காலை பதினொன்றரை. மதியச் சமையல் சூடுபிடிப்பதற்கு முன் தினமும் பேச அந்த நேரத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைகளை நார்வே அரசு வேலைவாய்ப்புத் தளமான அர்பெய்ட்ஸ்ப்ளாஸ்ஸனிலும், விளம்பரத் தளமான ஃபின்னிலும் தேடி, விண்ணப்பத்தை நேரடியாக ஓட்டல்களுக்கே அனுப்புங்கள். வசந்த சீசனுக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் அக்டோபரிலேயே தேடத் தொடங்கிவிடுங்கள். வேலை ஒப்பந்தம் வந்தால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அறை யாருடையது, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், தேசியக் காப்பீட்டில் உங்களைச் சேர்ப்பார்களா என்ற ஐந்தும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். நார்வேயில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணைக் கேட்டு, ப்ரொன்னொய்சுண்ட் அரசுப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. அந்த நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, பதிவான முகவரி எது, யார் பொறுப்பில் நடக்கிறது என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும்.