கண் டாக்டர்தான், நோயாளிதான் வேறு

அம்மா, உங்கள் நீண்ட கடிதத்தில் மகளைப் பற்றி இருப்பது ஏழெட்டு வரிதான். மற்றதெல்லாம் அவளுடைய மாமா சொன்னது, பெரியப்பா சொன்னது, தெரிந்தவர் பையன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்பது. "மனசு ஒரு நிலையில் இல்லை, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, பணம் கட்டி ஒரு மருத்துவ இடம் வாங்கப் போகிறோம் என்ற வரியைப் படித்த பிறகு, ஆறுதல் சொல்வது உங்களுக்குச் செய்கிற உதவி ஆகாது.

அந்த ஏழெட்டு வரிக்கு வருகிறேன். வீட்டு நாய்க்குச் சர்க்கரை நோய் வந்து, சில மாதங்களில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. "மனுஷங்களுக்கு வருஷக்கணக்கில் ஆகுதே, நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று உங்கள் மகள் டாக்டரைக் கேட்டிருக்கிறாள். அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வுக்கூடங்களில் கேட்கப்பட்ட கேள்விதான் அது. ரத்தத்தில் மிஞ்சிய குளுக்கோஸ் கண்ணின் லென்ஸுக்குள் போகும்போது, ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதை சார்பிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை வகைப் பொருளாக மாற்றுகிறது. சார்பிட்டால் சுலபத்தில் வெளியேறாது; உள்ளே தங்கித் தண்ணீரை இழுக்கும். லென்ஸ் ஊதி, அதன் இழைகள் குலைந்து, வெளுத்துவிடும். நாயின் லென்ஸில் இந்த நொதி மும்முரமாக வேலை செய்கிறது. வயதான பூனையின் லென்ஸில் அந்த மும்முரம் இல்லை. சர்க்கரை நோய் வந்த பூனைகளுக்கு இந்தப் புரை அபூர்வம். ஒரே நோய்க்கு இரண்டு விலங்குகளில் இரண்டு முடிவு. அது ஏன் என்று கேட்கத் தெரிந்த பிள்ளையைத்தான் வாயை மூடு என்று அடக்கியிருக்கிறீர்கள்.

இனி, விலங்குகளுக்குக் கண் டாக்டர் ஆகணும் என்ற மகளின் ஆசைக்கு மாமா சொன்ன வாதம். "கண் டாக்டர்தானே ஆகணும்? மனுஷக் கண்ணுக்கே ஆகட்டும். மாட்டு டாக்டர்னு வெளியில சொல்லிக்க முடியுமா?" கேட்க நியாயமாக இருக்கிறது, கணக்குப் போட்டால் நிற்காது. நீங்கள் கடன் வாங்குவது மருத்துவப் பட்டத்துக்கு, கண் மருத்துவத்துக்கு அல்ல. கண் மருத்துவம் அதற்குப் பிறகு வரும் சிறப்புப் படிப்பு. பல நாடுகளில் போட்டி கடுமையாக உள்ள பிரிவு. முதல் படிப்புக்கே இடத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தால், அடுத்த படிப்புக்கும் அதே பேரம் நடக்க வாய்ப்பு உண்டு. அப்போது அடமானம் வைக்க உங்களிடம் இன்னொரு வீடு இருக்காது. வட்டி ஏறிக்கொண்டிருக்கும், பெண் தான் கேட்காத ஏதோ ஒரு பிரிவில் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரப் போவதில்லை: குடியிருக்கும் ஒரே வீட்டை வைத்து எந்தப் படிப்பையும் வாங்காதீர்கள். நான் கீழே சொல்லப்போகும் படிப்பாக இருந்தாலும் சரி.

பொறியியல், கணினி, பார்மஸி பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. கால்நடை மருத்துவம் படித்து, விலங்குகளின் கண் நோய்களில் ஆராய்ச்சிக்குப் போவது பற்றி யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரியார்ட் என்று ஒரு பிரெஞ்சு மேய்ப்பு நாய் இனம். ஸ்வீடனில் இந்த இனத்துக் குட்டிகள் சில, பிறவியிலேயே இருட்டில் தடுமாறுவதை கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம் என்ற கால்நடைக் கண் மருத்துவர் 1989இல் பதிவு செய்தார். 1998இல் காரணம் பிடிபட்டது: ஆர்பிஇ65 என்ற மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதே மரபணு பழுதானால் மனிதக் குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே பார்வை மங்கும் என்பது அதற்குக் கொஞ்சம் முன்புதான் தெரியவந்திருந்தது. 2001இல் ஒரு குழு, நோய் உண்டாக்காத வைரஸ் ஒன்றில் பழுதில்லாத மரபணுவை ஏற்றி, நாய்களின் விழித்திரைக்கு அடியில் ஊசி வழியாகச் செலுத்தியதை வெளியிட்டது. முட்டி மோதிக்கொண்டிருந்த நாய்கள் தடைகளைச் சுற்றி நடந்தன. லான்ஸ்லாட் என்ற நாய் அதில் பெயர் பெற்றது. அந்தக் குழுவில் முன்னால் நின்ற கிரெகரி ஆக்லண்ட், குஸ்தாவோ அகிர்ரே இருவரும் கால்நடை மருத்துவம் படித்தவர்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்த லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. இன்று அதனால் பார்ப்பவர்கள் மனிதர்கள். மாமா இதைக் கேட்ட பிறகும் 'மாட்டு டாக்டர்' என்று சொன்னால் சொல்லட்டும்.

இன்னொன்று. நாய்களுக்கு உலர்கண் நோய் நிறைய வரும். உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால், கண் பிசுபிசுத்துப் பீளை கட்டும், கருவிழி மெல்லக் கறுத்துப் பார்வை போகும். கண்டுபிடிக்கும் முறை எளிது. கீழ் இமைக்குள் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் செருகி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். நல்ல கண்ணில் ஈரம் 15 மில்லிமீட்டராவது ஏறும். நோய் முற்றிய கண்ணில் 5ஐத் தாண்டுவதே கஷ்டம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவராக இருந்த ரெனே காஸ்வன், உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்பட்ட சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைச் சொட்டு மருந்தாக்கி நாய்களுக்கு விட்டுப் பார்த்தார். வற்றிய கண்ணில் கண்ணீர் ஊறியது. முதலில் நாய்களுக்கு மருந்தாக வந்து, பிறகு 2002இல் ரெஸ்டாசிஸ் என்ற பெயரில் மனிதர்களுக்கும் ஒப்புதல் பெற்றது.

மனிதனுக்கு உதவினால்தான் மதிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. டாரின் என்ற சத்து இல்லாத தீனியால் பூனைகளின் விழித்திரை அழிகிறது என்று 1975இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்று கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரின் சேர்க்கப்படுகிறது. அதில் பிழைத்த கண்கள் எல்லாம் பூனைக் கண்கள்தான். மாடுகளுக்கு வரும் தொற்றுக் கண் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா காரணம். ஈ பரப்புகிறது, தூசியும் கடும் வெயிலும் கருவிழியைப் புண்ணாக்கி அதற்கு வழி திறந்துவிடுகின்றன. கன்று கண்ணை மூடிக்கொண்டு மேயாமல் நிற்கும், எடை குறையும். தடுப்பூசிகள் இருந்தும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. இன்னும் ஆள் தேவைப்படும் இடம் அது. குதிரைகளின் பார்வையைப் பறிப்பதில் முதலிடம் வகிக்கும், திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சியும் அப்படித்தான்.

இந்தப் படிப்பு முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் மட்டும் இருப்பதில்லை. புதிய மருந்து மனிதர்களுக்குப் போகும் முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனைகளில் விலங்குகளின் கண்ணைப் பரிசோதிக்கத் தனியாக ஆள் வைக்கிறார்கள். மரபணு சிகிச்சை நிறுவனங்கள், இனப்பெருக்கத்துக்கு முன் நாய்களுக்கு மரபணுச் சோதனை செய்யும் கூடங்கள், மேல்சிகிச்சை விலங்கு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இவர்களுக்கு இடம் உண்டு.

சரி, பாதை. நீளமானது, மறைக்கவில்லை. கால்நடை மருத்துவப் பட்டம், நாட்டைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு ஆண்டு. பிறகு சிகிச்சைப் பக்கம் போனால் ஓராண்டு இன்டர்ன்ஷிப், அதற்கு மேல் கண் பிரிவில் பெரும்பாலும் மூன்றாண்டு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் சிறப்புப் பயிற்சி. ஆராய்ச்சிப் பக்கம் என்றால் பி.எச்டி. சிலர் இரண்டையும் செய்கிறார்கள். ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு, கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டாலும் கையில் இருக்கும் பட்டம் சோறு போடும், அதுதான் இந்தப் பாதையின் பலம்.

பணம் பற்றி: பட்டப்படிப்பை அரசு நிதி பெறும் பல்கலைக்கழகத்தில் முடிக்கப் பாருங்கள். பி.எச்டிக்கு உதவித்தொகை தராமல் உங்களிடமே கட்டணம் கேட்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். ஆராய்ச்சி மாணவர் வேலை செய்கிறார். வேலைக்குக் காசு வர வேண்டும், போகக் கூடாது. ஆரம்ப வருடங்களின் வருமானம் பெரிதாக இருக்காது. அதனால்தான் கடன் விஷயத்தில் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

இப்போது உங்களிடம் அல்ல, அவளிடம் கேட்க வேண்டியது. 'நாய்னா அவளுக்கு உயிர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் இந்த வேலைக்குத் தகுதி ஆகாது. சில ஆய்வுகளின் முடிவில் விலங்கைக் கருணைக்கொலை செய்து, கண்ணை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். இதற்கு விதிகள் உண்டு, அனுமதிக் குழுக்கள் உண்டு. விலங்குகளைத் தவிர்க்க முடியுமா, குறைக்க முடியுமா, வலியைத் தணிக்க முடியுமா என்று கேட்டபிறகே அனுமதி. முயலின் கண்ணில் ரசாயனத்தை விட்டுப் பார்த்த பழைய சோதனைக்கு ஒரு மாற்றாக, இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கண்ணின் கருவிழியைப் பயன்படுத்தும் முறை 2009இல் சர்வதேச வழிகாட்டியானது. அப்படிப்பட்ட மாற்றுகளைத் தேடுவதும் இந்தத் துறையின் வேலைதான். இருந்தும், 'என்னால் முடியாது' என்று அவள் சொன்னால் அது பலவீனம் இல்லை. வளர்ப்பவர் சம்மதத்தோடு, சிகிச்சைக்கு வரும் விலங்குகளை வைத்தே நடக்கும் ஆய்வுகள் இருக்கின்றன. கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சால் துடைத்து எடுத்து மரபணு பார்க்கும் ஆய்வுகளும் இருக்கின்றன. எந்தப் பக்கம் என்பதை அவள் சொல்லட்டும். அவளுக்காகப் பெரியப்பா சொல்ல வேண்டாம்.

பெண் பிள்ளை குதிரையை, மாட்டைச் சமாளிப்பாளா என்றும் கேட்டிருந்தீர்கள். குதிரையின் இமைத் தசையை எந்த ஆண் பிள்ளையாலும் சமாளிக்க முடியாது, அம்மா. பலவந்தமாக இமையைப் பிரித்தால் ஏற்கெனவே ஆழமாகப் புண்பட்ட கண் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. முதலில் மயக்கமூட்டும் ஊசி, பிறகு இமைத் தசைக்குப் போகும் நரம்பின் மேல் சிறிது மரப்பு மருந்து. இமை தானாகத் தளரும். அதற்குப் பிறகுதான் விளக்கை எடுக்கிறார்கள்.

ஏஜென்ட் தினமும் போன் செய்து கடைசித் தேதி சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிக்கு இந்த வாரம் போகாதீர்கள். முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுமுறை முடியும்வரை அவள் ஒரு கால்நடை மருத்துவமனையில் நின்று பார்க்கட்டும்: கூண்டு கழுவ, ரத்தம் பார்க்க, பிழைக்காத நாயின் பக்கத்தில் நிற்க. அதற்குப் பிறகும் அதே கேள்விகளோடு வீடு திரும்பினால், கால்நடை மருத்துவ விண்ணப்பத்தை நிரப்புங்கள்.