அப்பா மாத்திரை சாப்பிடுவார்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கம். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு நேர்காணலில் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டார்கள். ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்’ என்றேன். ‘அப்படியானால் இப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டுச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ‘யூஸ்ட் டு’, ‘வுட்’ இரண்டும் ஒன்றுதான் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரிதானா? ‘டிட்’ முன்னால் வந்தால் ‘யூஸ்’ என்று எழுதுவதா, ‘யூஸ்ட்’ என்று எழுதுவதா? ஆங்கிலத்தில் பழக்கத்தைச் சொல்ல இத்தனை வழிகள் இருக்கின்றன, தமிழில் ஒன்றுமே இல்லை. ‘எங்கள் ஆச்சி விடியுமுன் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுவாள்’ என்ற ஒரு வரியைக்கூட என்னால் ஆங்கிலத்தில் எழுத முடியவில்லை. தமிழ் வழியில் படித்ததுதான் குறையோ?

ச.

அன்புள்ள தம்பி,

‘டிட்’ வந்தால் ‘யூஸ்’ என்றே எழுதுங்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும், அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சிரித்தவர்களையும் விட்டுவிடுங்கள். வேலை கேட்டு வந்த பிள்ளையின் வாக்கியத்தைப் பிடித்துச் சிரிப்பவர்களிடம் உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ‘யூஸ்ட் டு’ என்றால் முன்பு இருந்தது, இப்போது இல்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஐந்து மணிக்கு எழும் பழக்கத்தை விட்டுவிட்டதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இன்றும் தொடரும் பழக்கத்துக்கு ‘ஐ வேக் அப் அட் ஃபைவ்’ போதும். அந்த எளிய நிகழ்காலம் இந்த நொடியைக் குறிப்பதில்லை, நாள்தோறும் நடப்பதைத்தான் குறிக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு மருத்துவமனை. 1994இல் வடக்கே ஒரு நகரத்தில் வேலையில் இருந்தேன். என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். சேர்த்த இடத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு இந்தி வராது. இளம் மருத்துவர் ஒருவர், அப்பா மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ‘ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவார்’ என்ற வாக்கியம் மனத்தில் எழுந்தது. வாயில் வந்தது ‘ஹி யூஸ்ட் டு டேக்’. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் தடங்கலின்றிப் பேசுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார்.

மருத்துவர், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டார். அளந்து பார்த்தபோது அழுத்தமும் சரியாகவே இருந்தது. முந்தின நாள்வரை சாப்பிட்ட மாத்திரையின் வேலை அது. அதனால் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. நானும் அவர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் இதுவும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, அறுவைக்கு அழைத்துப் போகும் நேரத்தில் அழுத்தம் 200ஐத் தாண்டியிருந்தது. அறுவையைத் தள்ளிப்போட்டார்கள். முறிந்த எலும்போடு அப்பா மேலும் ஒரு வாரம் கிடந்தார். மருத்துவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? நம் வழிகாட்டி நூல்களிலிருந்து வருகிறது. ‘யூஸ்ட் டு’ என்று போட்டு எதிரே ‘வழக்கம்’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். தமிழில் ‘காபி குடிப்பது வழக்கம்’ என்றால் இன்றும் குடிக்கிறேன் என்றுதான் பொருள். விட்டுவிட்ட பழக்கமானால் ‘வழக்கமாக இருந்தது’ என்போம். அந்த ‘இருந்தது’தான் ‘யூஸ்ட் டு’வின் உயிர். அதை வெட்டிவிட்டுப் பாதிப் பொருளைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. எதிரே ‘முன்பு செய்தேன், இப்போது இல்லை’ என்று அச்சடிக்க இரண்டு அங்குல இடம் போதுமே!

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு நிகழ்கால வடிவம் இருந்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலியத்தில், 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனத்தில் ‘ஆஸ் தௌ யூசெஸ்ட் டு டூ’ என்று வருகிறது. ‘நீர் வழக்கமாகச் செய்வதுபோல’ என்று பொருள். பிறகு அந்த நிகழ்காலம் வழக்கொழிந்து இறந்தகாலம் மட்டும் தங்கிவிட்டது. நீங்களும் நானும் தேடிப்போன பொருள் அங்கே இருந்ததுதான், நாம் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

‘வுட்’ பற்றிக் கேட்டீர்கள். ஒன்றல்ல. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டுமே ‘வுட்’ வரும், நிலைக்கு வராது. ‘முன்பு மதுரையில் குடியிருந்தோம்’ என்பதை ‘வி யூஸ்ட் டு லிவ்’ என்று சொல்லலாம், ‘வி வுட் லிவ்’ என்று சொல்லக்கூடாது. எந்தக் காலத்துக் கதை என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் ‘வுட்’ போட்டுக்கொண்டு போவார்கள். ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவம் அது. வரப்போவதைச் சொல்லும் சொல்லைக் கொண்டுதான் ஆங்கிலேயரும் பழைய நாட்களை நினைக்கிறார்கள்.

தமிழில் நாம் செய்வதும் அதுதான். தமிழில் ஒன்றுமே இல்லை என்று எழுதினீர்களே, எழுதிய கையோடு என்ன எழுதினீர்கள்? ‘பூக்கட்டுவாள்’ என்று எழுதினீர்கள். பள்ளியில் அதை எதிர்காலம் என்றுதான் சொல்லித்தந்திருப்பார்கள். நாளைக்குக் கட்டப்போவதையா சொன்னீர்கள்? நாளை, நாள்தோறும், அந்தக் காலத்தில் என்று மூன்றுக்கும் அந்த ஒரு ‘வ்’ போதும். மூன்று காலத்துக்கும் ஒத்த இயல்பைச் ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதித்திருக்கிறது. ‘மலை நிற்கும், ஞாயிறு இயங்கும்’ என்று உரைகாரர்கள் காட்டுகிறார்கள். கையில் இருப்பதைப் பார்க்காமலே இல்லை என்று சொல்லாதீர்கள். தமிழ் வழியில் படித்தது குறையா என்று இன்னொரு முறை என்னிடம் கேட்கவும் கேட்காதீர்கள்.

இனி அந்த ஆச்சி வாக்கியம். அதை எப்படி எழுதுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இப்போதும் கட்டுகிறார் என்றால் ஒரு வாக்கியம், இல்லை என்றால் வேறொன்று. கடிதத்தை மூன்று முறை படித்தும் எனக்குத் தெரியவில்லை. ஆச்சி நலமாக இருக்கிறார்களா? எழுதுங்கள்.