சாரணர் படையை நான் ஏற்று நடத்தலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. எங்கள் காலனி சாரணர் படையில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒன்றரை வருடமாக இருக்கிறான். மொத்தம் 22 பையன்கள், மூன்று அணிகள். பல வருடமாகப் படையை நடத்திவரும் சாரண ஆசிரியர் இந்த ஜூனில் பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போகிறார். “இனி நீதான் பார்த்துக்கணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டார். நான் சின்ன வயதில் ஸ்கார்ஃப் கட்டியதே இல்லை. ஒரு முடிச்சுகூட ஒழுங்காகப் போடத் தெரியாது. மனைவிக்கும் விருப்பமில்லை. “கிடைக்கிற ஒரு ஞாயிறும் போச்சா?” என்கிறாள். மகன் அதே படையில் இருப்பது வேறு சங்கடம். ஆனால் நான் மறுத்தால் படையே கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள தம்பி,

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் படை கலைந்துவிடும் என்ற பயத்தில் ஏற்காதீர்கள். அப்படிப் பயந்து தலையாட்டியவர்கள் ஒரு வருடத்துக்குள் அலுத்துப்போய் விலகியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாரண ஆசிரியராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘நான் சாரணனாக இருந்ததில்லையே’ என்ற தயக்கம். அதை விட்டுவிடுங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்த சாரணர் படைகளில் நம் பையன்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி. அவர் எந்தப் படையிலும் முடிச்சுப் போட்டுப் பழகியவர் இல்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1921-ல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது.

முடிச்சு ஒரு வாரத்தில் வந்துவிடும். பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தில் உங்களைப் போன்றவர்களுக்காகவே 7 நாள் தங்கிப் படிக்கும் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. அதை முதலில் முடியுங்கள். அப்புறம் அட்வான்ஸ்டு கோர்ஸ், அதற்கும் மேலே ஹிமாலயா வுட் பேட்ஜ். அதை முடித்தவர்கள் அணியும் இரண்டு மரமணிகளைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஆசை உங்களுக்கும் வரும், வரட்டும், அவசரமில்லை. நீங்கள் ரயில்வே ஊழியர் என்பதால் சாரணர் பணிகளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. பிரிவு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆனது வேறொன்று. சும்மா நிற்பது.

நான் படையை ஏற்ற மூன்றாவது வருடம், கொல்லிமலை அடிவாரத்தில் இரண்டு நாள் முகாம் போட்டிருந்தோம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நனைந்துவிட்டது. அன்று மயில் அணியின் சமையல். அணித் தலைவன் எட்டாம் வகுப்புப் பையன். மண்டியிட்டு அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தான். கண் சிவந்துவிட்டது, மூக்கு நுனியெல்லாம் கரி. மணி ஏழரை. சின்னப் பையன்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “தள்ளுடா” என்று அவனை விலக்கி, லாந்தருக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை விறகில் ஊற்றிப் பற்றவைத்தேன். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது செய்யவே கூடாத காரியம். உலை கொதித்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். அடுப்புக்குப் பின்னால், மழை படாமல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, ஒரு கட்டுக் குச்சி இருந்தது. நனைந்த பட்டையைப் பேனாக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, உள்ளே காய்ந்திருந்த கட்டையை மட்டும் விரல் கனத்துக்குப் பிளந்து அடுக்கி வைத்திருந்தான். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறான். இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் அவனே பற்றவைத்திருப்பான். அடுத்த முகாமுக்கு அவன் வரவில்லை. பரீட்சை என்று சொன்னான்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்திருக்க வேண்டியது, தட்டோடு உட்கார்ந்திருந்த பையன்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி பொரிகடலையைக் கொடுத்து, ஒரு விளையாட்டு வைப்பதுதான். அவனுக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களின் வேலை பெரும்பாலும் இதுதான் தம்பி. இயக்கம் பிறந்ததே இப்படித்தான். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் 20 பையன்களோடு முதல் முகாம் போட்டபோது, அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கினார். உங்களிடம் மூன்று அணித் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தை, கோர்ட் ஆஃப் ஆனர் என்பார்கள், மாதம் ஒரு முறையாவது நடத்துங்கள். அடுத்த ஹைக், அதாவது நடைப்பயணம், எங்கே, சந்தா தராதவனை என்ன செய்வது, எல்லாம் அங்கே பேசட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

சரி, எவ்வளவு ஏற்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறப்போகும் உங்கள் பெரியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இத்தனை வருடமும் அவர் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒருவர் போனால் படை கலைந்துவிடும் என்ற நிலை அதனால் வந்ததுதான். அதே மூட்டையை அப்படியே உங்கள் தலைக்கு மாற்றிக்கொள்ளாதீர்கள். சரி என்று சொல்வதற்கு முன்னால் பெற்றோரைக் கூட்டச் சொல்லுங்கள். பணக்கணக்குக்கு ஒருவர், கூடாரம், பாத்திரம், கயிறு ஆகியவற்றுக்கு ஒருவர், பிரிவு அலுவலகக் கடிதங்களுக்கு ஒருவர். பணக்கணக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் உங்கள் கைக்கு வர வேண்டாம். எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் முகாம் முடிந்து ஆயிரம் ரூபாய் இடித்தால் பேச்சு உங்களைச் சுற்றித்தான் வரும். இவர்களுக்கெல்லாம் மேலாக, உங்களோடு மைதானத்தில் நிற்க ஓர் உதவி சாரண ஆசிரியர் கட்டாயம் வேண்டும். காலனியில் திரி சாரணர் (ரோவர் என்கிற இளைஞர் பிரிவு) வயதில், கல்லூரி படிக்கும் பழைய மாணவர்கள் இருப்பார்கள், தேடிப் பாருங்கள். பெரியவரிடமும், ஜூனுக்குள் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறேழு வகுப்பாவது நடத்தச் சொல்லுங்கள்.

உதவியாளர் கட்டாயம் என்று நான் சொல்வது வேலையைப் பகிர மட்டும் இல்லை. ஒரு பெரியவரும் ஒரு பையனும் தனியாக ஒரு கூடாரத்திலோ அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வைக்காதீர்கள். தனியாகக் கண்டிக்க வேண்டுமென்றாலும் மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில் நின்று பேசுங்கள். இது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. ஒரு பையன் உங்களிடம் வந்து தனக்கு நடந்த தவறைச் சொன்னால், வீட்டுப் பெயர் கெடும், படைப் பெயர் கெடும் என்று யார் சமாதானம் சொன்னாலும் மூடி மறைக்காதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் தராமல் இருப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் படையின் அறிவிப்புப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள். அப்புறம், முகாம் எங்கே போட்டாலும் ஆற்றில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாக இருங்கள். காவிரியும் கொள்ளிடமும் பக்கத்திலேயே இருக்கிற ஊர் உங்களுடையது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்களுக்கு இதுதான் பெரிய தலைவலியாக வரப்போகிறது. சாரணர் தேர்வுகளில் பிரவேஷில் தொடங்கி பிரதம, துவிதிய, திருதிய சோபான்கள் என்ற படிகள், பிறகு ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று ஏணி இருக்கிறது. ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீடும் இருப்பதால் பெற்றோர் இந்தச் சான்றிதழ்களை விடாமல் துரத்துவார்கள். ‘எல்லாம் செய்துவிட்டான் சார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி’ என்று பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். அதில் இருப்பது அம்மாவின் கையெழுத்தாக இருக்கும். நீங்களோ உங்கள் உதவியாளரோ கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வருடம் மனத்தாங்கல் வரும். அடுத்த வருடம் கேட்க மாட்டார்கள். கோடையில் நடைமேடையில் பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்க வெயிலில் நிஜமாகவே நின்ற பையனுக்கு அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருக்க வேண்டாமா?

மகன் விஷயத்தில் என் அனுபவத்தையே சொல்கிறேன். என் பையனும் என் படையில் இருந்தான். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எதற்கெடுத்தாலும் அவனைத்தான் முதலில் திட்டுவேன். ஒரு வருடத்தில் அவன் நின்றுவிட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் இப்போதே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். ‘நான் இதை எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று அவனிடமே கேளுங்கள். மைதானத்தில் சார், வீட்டில் அப்பா. அவனுடைய தேர்வுகளை உதவியாளர் பார்த்துக் கையெழுத்திடட்டும். அவன் அணித் தலைவன் ஆவதும் ஆகாததும் அந்த அணிப் பையன்கள் பாடு, நீங்கள் அதில் தலையிட வேண்டாம். வீட்டில் சாப்பிடும்போது படையைப் பற்றி அவனிடம் உளவு கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வது நியாயமான பேச்சு. வாரத்தில் ஆறு நாள் சங்கு ஊதினால் ஓடுகிறீர்கள், ஏழாவது நாளும் இல்லையென்றால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவரையும் சாரணியர் பக்கம் இழுத்துவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவராக விரும்பினால் தவிர அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். வாரா வாரம் இரண்டு மணி நேரம், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. மாதத்தில் ஒரு ஞாயிறு உதவியாளர் நடத்தட்டும், அன்று நீங்கள் மைதானப் பக்கமே போக வேண்டாம். முகாம் தேதிகளை வருட ஆரம்பத்திலேயே வீட்டுக் காலண்டரில் குறியுங்கள், உங்கள் மாமனார் வீட்டு விசேஷங்களைப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். எத்தனை வருடம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் என்று வைத்துக்கொண்டால் மகன் பத்தாம் வகுப்பை முடிக்கும் நேரம். இரண்டாவது வருடத்திலேயே அடுத்தவரைத் தேடத் தொடங்கலாம்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதலில் மனைவியிடம் காட்டுங்கள், பிறகு பெரியவரிடம். அவர்கள் இருவரும் சரி என்றால், இந்த ஞாயிறே மைதானத்துக்குப் போய் மூன்று அணித் தலைவர்களையும் தனியாகக் கூப்பிட்டு, போன வருடம் எந்த முகாம் அவர்களுக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். நிறையச் சொல்வார்கள்.