பொண்ணுக்கு சவுண்ட் வேலை குடுத்துட்டாங்கன்னு கவலைப்படுற அம்மாவுக்கு

அம்மா, நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். ஆறு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கணும், அதுக்கு மார்க் உண்டு, ஒருத்தன் டைரக்டர், ஒருத்தி கேமரா, ஒருத்தர் கதை, ஒருத்தர் எடிட்டிங், ஒருத்தர் ப்ரொடக்ஷன்னு ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க, கடைசியா மிச்சம் இருந்த சவுண்டை உங்க பொண்ணு தலையில கட்டிட்டாங்க, அவ முகமே வாடிப் போச்சு, நான் காலேஜுக்கு வந்து பேசி மாத்தச் சொல்லலாமான்னு கேக்குறீங்க. வேண்டாம்மா, போகாதீங்க. பெத்தவங்க வந்து ரோல் மாத்தி குடுத்தாங்கன்னு ஆயிட்டா அந்த குரூப்ல அவளுக்கு இருக்குற மரியாதையே போயிடும், அதுக்கப்புறம் அவ என்ன ரோல்ல இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. இது முதல் காரணம். ரெண்டாவது காரணம் இன்னும் பெருசு, அவ கைக்கு வந்திருக்குறது அந்த ஆறு வேலையில மோசமான வேலையே கிடையாது.

நான் இத்தனை வருஷமா பசங்களை இண்டர்வியூவுக்கு தயார் பண்றேன். குறும்படம் எடுத்தோம்னு ரெஸ்யூமேல போட்டிருக்குற எல்லார்கிட்டயும் எதிர்ல உக்காந்திருக்குறவங்க கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான், "சரி, அதுல நீ என்ன பண்ண?" இதுக்கு பதில் சொல்ல முடியாம திணறுறவங்க பாதிக்கு மேல டைரக்டர்ங்கதான். எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கிட்டேன்னு சொல்லுவாங்க, எதை பாத்துக்கிட்டன்னு அடுத்த கேள்வி வந்தா பேச்சு நின்னுடும். அதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட்ல கண்டின்யூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல எதுவும் மாறிடாம பாத்துக்குற வேலை, அதை பாத்த ஒரு பையன் என்கிட்ட வந்தான், கையில ஒரு பழைய நோட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் நடிச்சவரோட சட்டைக் கை எதுவரைக்கும் மடிச்சிருந்துச்சு, டம்ளர் எந்த கையில இருந்துச்சு, கதவு திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு எழுதி வச்சிருந்தான். சினிமாவுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு வேலைக்குத்தான் அவன் போனான், ஆனா அந்த நோட்டை காட்டி பேசுனதுலயே பாதி நேரம் போச்சுன்னு வந்து சொன்னான். வேலை குடுக்குறவங்க ஒருத்தரோட கவனத்தை எப்படி அளக்குறாங்கன்னு அன்னைக்கு எனக்கே நல்லா புரிஞ்சுது.

இப்ப சவுண்டுக்கு வரேன், ஏன்னா உங்க பொண்ணுக்கு இதை யாராவது உக்கார வச்சு சொல்லணும். படம் கொஞ்சம் ஆடுனாலும், வெளிச்சம் கம்மியா இருந்தாலும் பாக்குறவங்க பொறுத்துக்குவாங்க, ஆனா வசனம் கேக்கலைன்னா ஒரு நிமிஷத்துல போனை கீழ வச்சிடுவாங்க. மாணவர் படங்கள்ல பெரும்பாலும் கெட்டுப் போறது இதுதான், காரணமும் ஒண்ணேதான், மைக் கேமராவுலயே இருக்கும், பேசுறவங்க பத்தடி தள்ளி நிப்பாங்க. மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல தூரம் ரெண்டு மடங்கானா குரல் 6 டெசிபல் அளவுக்கு குறையும், ஆனா ரூம்ல எதிரொலி அப்படியே இருக்கும், அதனாலதான் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி வருது. இதை எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்னு டைரக்டர் சொல்லுவான், நம்பக்கூடாது, அப்படி முழுசா சரி பண்ண முடியாது. செலவு பண்ணி மைக் வாங்கணும்னு கூட இல்ல, இன்னொரு போனை ரெகார்டிங்ல போட்டு நடிக்குறவங்களுக்கு பக்கத்துல, ஃப்ரேம்ல தெரியாம ஒளிச்சு வச்சாலே பத்தடி தள்ளி இருக்குற மைக்கை விட நல்லா வரும். காலர் மைக் கடன் கிடைச்சா இன்னும் நல்லது, துணி உரசுற சத்தம் வருதான்னு மட்டும் பாத்துக்கணும்.

அவ காதுல ஹெட்போன் இருக்கணும், டேக் ஓடும்போது முழுசும். நம்ம காது ஃபேன் சத்தத்தை தானாவே ஒதுக்கிடும், மைக் ஒதுக்காது. ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொல்லணும், அப்புறம் திரும்ப ஆன் பண்ண மறந்துடுவோம்னு சவுண்ட் ஆளுங்க ஒரு வழி வச்சிருக்காங்க, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிடுவாங்க, சாவி இல்லாம வீட்டுக்கு கிளம்ப முடியாதுல்ல. ஒவ்வொரு இடத்துலயும் ஷூட்டிங் முடிஞ்சதும் எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லி 30 செகண்டாவது அந்த ரூமோட சும்மா இருக்குற சத்தத்தை பதிவு பண்ணிக்கணும், ரூம் டோன்னு சொல்லுவாங்க, ரெண்டு வசனத்துக்கு நடுவுல வெட்டி ஒட்டுற இடத்துல அதை போடலைன்னா சத்தம் திடீர்னு செத்துப் போய் திரும்ப முளைக்குற மாதிரி இருக்கும். எல்லாரும் களைச்சுப் போய் கிளம்பத் துடிக்குற நேரத்துல "இன்னும் 30 செகண்ட் யாரும் பேசாதீங்க"ன்னு சொல்ல தைரியம் வேணும்மா. அமைதியா இருக்குற பொண்ணுன்னு எழுதியிருந்தீங்க, அந்த தைரியம் அவளுக்கு இந்த வேலையிலதான் வரும்னு நான் நினைக்குறேன்.

டெக்னிக்கலா மூணே விஷயம் சொல்லிடுறேன், அவகிட்ட அப்படியே காட்டுங்க. சவுண்டை தனியா பதிவு பண்ணா ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் அடிக்கணும், கையை தட்டுனா கூட போதும், அந்த சத்தத்தையும் கை சேர்ற ஃப்ரேமையும் வச்சுத்தான் அப்புறம் படத்தையும் சவுண்டையும் ஒண்ணா பொருத்துவாங்க, சிங்க் பண்றதுன்னு சொல்லுவாங்க. ரெகார்டிங்கோட சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு செகண்டுல சத்தத்தை எத்தனை தடவை அளந்து பதிவு பண்ணுதுங்குறதை, 48 கிலோஹெர்ட்ஸ்ல வைக்கணும், வீடியோவுக்கு அதுதான் வழக்கம். போன்ல ஷூட் பண்ணா ஃப்ரேம் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் எடுக்குதுங்குறது, ஒரே சீரா இருக்காது, ஆரம்பத்துல உதடும் குரலும் சேந்திருக்கும், போகப் போக விலகும், அதனால ஃப்ரேம் ரேட்டை 24ன்னோ 25ன்னோ பூட்டி வைக்குற ஆப்ல எடுக்கச் சொல்லி கேமரா பாக்குறவங்ககிட்ட முன்னாடியே பேசிடணும்.

இதெல்லாம் படிச்சு என்ன வேலை கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க. நேரா சொல்றேன், இந்த ஒரு ப்ராஜெக்ட்டை வச்சு சினிமாவுல சவுண்ட் இன்ஜினியர் ஆயிடுவான்னு நான் சொல்ல மாட்டேன், அது தனியா படிச்சு, யார்கிட்டயாவது அசிஸ்டண்ட்டா இருந்து, பொறுமையா ஏற வேண்டிய பாதை. ஆனா ஆடியோ தெரிஞ்ச ஆளு தேவைப்படுற இடம் சினிமா மட்டும் இல்ல. பாட்காஸ்ட், ஆடியோபுக், ஆன்லைன் பாடங்கள், கேம்ஸ், டப்பிங், விளம்பரம், கண்ணு தெரியாதவங்களுக்காக படத்தை விவரிச்சு சொல்ற குரல் பதிவுன்னு நிறைய இருக்கு. எடிட்டிங் பக்கம் போகணும்னாலும் காது பழகியிருக்குறது பெரிய பலம். வால்டர் மர்ச்னு ஒருத்தர் 1997ல ஒரே படத்துக்காக எடிட்டிங், சவுண்ட் ரெண்டுக்கும் ஆஸ்கார் வாங்குனார், அந்த ரெண்டு வேலையும் அவ்வளவு நெருக்கம். காலடி சத்தம், துணி சத்தம் இதையெல்லாம் படத்தைப் பாத்துக்கிட்டே செஞ்சு பதிவு பண்றதுக்கு ஃபோலின்னு பேர், ஜாக் ஃபோலின்னு ஒரு மனுஷனோட பேரைத்தான் அந்த வேலைக்கே வச்சிருக்காங்க. உங்க பொண்ணு வீட்டுல ஈரத்துணியை பிழிஞ்சு போன்ல பதிவு பண்ணிக்கிட்டிருந்தா என்னடி பண்றேன்னு திட்டிடாதீங்க.

அப்புறம் குரூப்ல நியாயம் பத்தி. ஆறு பேர் குரூப்ல ரெண்டு பேர் வேலை செய்வாங்க, ஆறு பேருக்கும் ஒரே மார்க் வரும்னு பயப்படுறீங்க, அந்த பயம் சரியானதுதான். இதுக்கு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, முதல் மீட்டிங்லயே எழுதி வச்சுக்கணும். யாருக்கு என்ன பொறுப்பு, எந்த தேதிக்குள்ள முடிக்கணும், செலவை எப்படி பங்கு போடுறது, ஒருத்தர் வரலைன்னா அந்த வேலையை யார் எடுக்குறது, டைட்டில்ல யார் பேர் எதுக்கு கீழ வரும், ஒரு பக்கத்துல எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டா போதும். இதுல சவுண்ட் ஆளு மறக்காம கேட்டு வாங்க வேண்டிய தேதி ஒண்ணு இருக்கு. எடிட்டர் இனிமே காட்சியில கை வைக்க மாட்டேன்னு முடிக்குற நாள், பிக்சர் லாக்னு சொல்லுவாங்க, அது சப்மிஷனுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது இருக்கணும். இல்லைன்னா கடைசி ராத்திரி வரைக்கும் அவங்க வெட்டிக்கிட்டே இருப்பாங்க, சவுண்டுக்கு விடியக்காலை மூணு மணிதான் மிஞ்சும், உங்க பொண்ணு தூக்கம் கெடுறதும் பரீட்சை கெடுறதும் அங்கதான் ஆரம்பிக்கும்.

படிப்பு கெட்டுடுமோங்குற உங்க கவலைக்கும் பதில் இந்த திட்டத்துலதான் இருக்கு. ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம்னா திரையில ஏறக்குறைய ஒரு நிமிஷம், அதனால எத்தனை பக்கம் எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. 5 நிமிஷ படத்துக்கு 14 பக்கம் எழுதியிருந்தா பிரச்சனை அங்கயே தெரிஞ்சுடும். எத்தனை லொகேஷன்னும் கேளுங்க, மாணவர்களோட நேரத்தை தின்னுறது நடிப்பு இல்ல, இடம் மாறுறதுதான், சாமானை பிரிச்சு கட்டி இன்னொரு இடத்துக்கு தூக்கிட்டு போய் திரும்ப வைக்குறதுக்குள்ள அரை நாள் ஓடிடும். ஒரே வீட்டுல, ரெண்டு ரூம்ல முடியுற கதைன்னா சனி ஞாயிறுல ஷூட்டிங் முடிஞ்சுடும். இதை நீங்க அதிகாரமா சொல்லாம கேள்வியா கேட்டா அவளே போய் குரூப்ல பேசுவா.

ஒண்ணு மட்டும் நீங்க கண்டிப்பா கேட்டுத் தெரிஞ்சுக்கணும், பாதுகாப்பு. ராத்திரி ஷூட்டிங்னா யார் கூட இருக்காங்க, எப்படி திரும்பி வராங்க, ரோட்டுல எடுக்குறாங்கன்னா ட்ராஃபிக்கை யார் கவனிக்குறா, எடுக்குற இடத்துக்கு பர்மிஷன் வாங்கியாச்சா, பொம்மை துப்பாக்கி மாதிரி எதையாவது பொது இடத்துல தூக்கிட்டு நடக்கப் போறாங்களா. இதுல இருந்து எதையும் விட்டுக்குடுக்காதீங்க. பாட்டு விஷயத்துலயும் சவுண்ட் பாக்குறவ முன்னாடியே சொல்லிடணும், பிடிச்ச சினிமா பாட்டை உள்ள போட்டா வகுப்புல காட்டலாமே தவிர வெளிய அப்லோட் பண்ணும்போதும் போட்டிக்கு அனுப்பும்போதும் காப்பிரைட்ல மாட்டும். கூட படிக்குற யாராவது வாசிக்குறதை பதிவு பண்ணி, எழுத்துல சம்மதம் வாங்கி வச்சுக்கலாம்.

படம் முடிஞ்சதும் அவ செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. சவுண்ட் ஃபைல் எல்லாத்தையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைக்கணும், ஒரே ஒரு காட்சியை எடுத்து, பதிவான அன்னைக்கு எப்படி இருந்துச்சு, அவ வேலை செஞ்சப்புறம் எப்படி ஆச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு நிமிஷ வீடியோ பண்ணி வச்சுக்கணும். ரெஸ்யூமேல "குறும்படக் குழுவில் பங்கேற்றேன்"னு எழுதாம, எத்தனை நாள் ஷூட்டிங், எத்தனை டேக்குக்கு சவுண்ட் பதிவு பண்ணா, என்ன தப்பு நடந்துச்சு, அதை எப்படி சரிக்கட்டுனான்னு மூணு வரி. நடந்த தப்பை மறைக்க வேண்டாம், இண்டர்வியூவுல அதைப் பத்தித்தான் நிறைய கேப்பாங்க.

இன்னைக்கு சாயங்காலம் அவ வந்ததும் ரோலை மாத்துறது பத்தி பேசாதீங்கம்மா. வீட்டுல இருக்குற ஹெட்போனை போன்ல மாட்டி, ரெகார்டிங் பண்ணும்போதே காதுல கேக்குற மாதிரி ஒரு ஆப்பை போட்டு, சமையல்கட்டுல ஒரு நிமிஷம் நின்னு என்னென்ன சத்தம் கேக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க. அப்புறம் அந்த ஹெட்போனை வாங்கி நீங்களும் ஒரு நிமிஷம் கேளுங்க.