ஓட்டுநரில்லா கார் வரும் காலத்தில் டாக்சிக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் சேலத்தில் பத்து ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டுகிறான். இப்போது ஐந்தாண்டுத் தவணையில் சொந்தமாக டாக்சி எடுக்க இருக்கிறான். அமெரிக்காவில் ஆளே இல்லாமல் டாக்சி ஓடும் காணொளியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. கடனை அடைப்பதற்குள் தொழிலே போய்விடுமா?

பதில்: இந்தக் கடன் முடிவதற்குள் சேலத்துச் சாலையில் அப்படியொரு போட்டி உங்கள் மகனுக்கு வரும் என்று நான் கருதவில்லை.

நீங்கள் பார்த்தது வேமோ நிறுவனத்தின் கார் என்றால், அதன் கதையைக் கவனியுங்கள். 2009-ல் கூகுளின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய அது, அகலமான சாலைகளும் குறைந்த மழையும் உள்ள அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் புறநகர்ப் பகுதியில், ஓட்டுநர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றத் தொடங்கியதே 2020-ல்தான். கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் என்று காரைச் சுற்றிக் கருவிகள் பொருத்த வேண்டும். ஓடும் பகுதியை முன்கூட்டியே நுணுக்கமாக வரைபடமாக்க வேண்டும். வண்டி குழம்பி நின்றால் தொலைவிலிருந்து வழிகாட்ட ஆட்களும் வேண்டும். ஓட்டுநரின் சம்பளம் மிக அதிகமாக உள்ள நாட்டில்தான் இந்தச் செலவுக்கு எளிதாகக் கணக்குப் பொருந்தும்.

பணத்தைவிடக் கடினமானது, சாலையில் நடப்பதைப் புரிந்துகொள்வது. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் இடித்துத் தூக்கியெறியப்பட்ட ஒரு பெண், குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா காரின் முன்னால் விழுந்தார். பிரேக் பிடித்தும் அவர்மீது மோதி நின்ற அந்தக் கார், பிறகு ஓரங்கட்டுவதற்காக நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரை ஏறத்தாழ 20 அடி இழுத்துச் சென்றது. எந்த ஓட்டுநரும் அந்த இடத்தில் வண்டியை அசைத்திருக்க மாட்டார். கலிபோர்னியா அரசு அதே மாதம் அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்சித் திட்டத்தையே கைவிட்டது. நம் சாலையிலோ, எதிர்த்திசையில் வரும் பைக்கையும், பின்னால் அமர்ந்தவர் கையை நீட்டிக் காட்டுவதையும், வண்ணம் அழிந்த வேகத்தடையையும் உங்கள் மகன் நொடியில் கணித்துவிடுகிறார்.

ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதாலேயே இத்தகைய கார்களை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல் சொன்னார். அரசின் நிலைப்பாடு மாறக்கூடியது என்பதால் அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். சீனாவின் வூஹான் நகரில் பைடு நிறுவனத்தின் ரோபோ டாக்சிகள் பெருகியபோது, வருமானம் குறைவதாக அங்குள்ள டாக்சி ஓட்டுநர்கள் 2024-ல் முறையிட்டார்கள். அவர்களின் கவலை உண்மையானது. ஆகவே ஐந்தாண்டுக்கு மேல் தவணையை நீட்டிக்காமல், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள், கோயில் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் போன்ற நிரந்தர வாடிக்கையாளர்களை உங்கள் மகன் இப்போதே சேர்த்துக்கொள்வது நல்லது. கைப்பிடித்து இறக்கிவிடும் ஓட்டுநரைத்தான் அவர்கள் மறுபடியும் அழைப்பார்கள்.

வண்டி பார்க்கும்போது ‘ஏடாஸ்’ எனும் ஓட்டுநர் உதவி வசதி உள்ளது, கார் தானே ஓடும் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். இன்று நம் சந்தையில் இருப்பது அதிகபட்சம் இரண்டாம் நிலை உதவி மட்டுமே; அதாவது, ஸ்டியரிங்கிலும் வேகத்திலும் கார் துணை செய்யும், ஓட்டுவது மனிதர்தான். கையும் கண்ணும் எப்போதும் சாலையில் இருக்க வேண்டும், விபத்து நடந்தால் பொறுப்பும் ஓட்டுநருடையதே. குறுக்கே பைக் புகுந்தால் கார் தானாகவே திடீரென்று பிரேக் பிடிக்கலாம். பின்னால் நெருங்கி வரும் வண்டி இடிக்க வாய்ப்புண்டு. முன்கண்ணாடியை மாற்றினால் இந்த வசதிக்கான கேமராவையும் மறுபடி சீரமைக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் செலவை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.