ஓநாய் ரத்தமும் தோட்டக்காரனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாலிவுட்டின் மலிவான திகில் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் நீங்கள் குறிப்பிட்டிருந்த ‘தி மேட் மான்ஸ்டர்’, ‘தி ஏப் மேன்’ இரண்டையும் ஒரே இரவில் பார்த்தேன். சிரித்து மாளவில்லை. ஓநாயின் ரத்தத்தை ஊசியில் ஏற்றினால் மனிதனுக்குக் கோரைப்பல் முளைக்கிறது! ‘அறிவியலின் மீது அந்தக் காலத்துக்கு இருந்த அச்சம்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அங்கே அறிவியலும் தெரியவில்லை, அச்சமும் வரவில்லை, ஒட்டுமுடிதான் தெரிந்தது. இல்லாத ஆழத்தை நாம்தான் இந்தப் படங்களின் மேல் ஏற்றிவைக்கிறோமோ?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சிரித்ததில் பிழையில்லை, எடுத்தவர்களே சிரித்திருக்கிறார்கள். ‘தி ஏப் மேன்’ படம் முழுவதும் சன்னல் ஓரத்திலும் தெருமுனையிலும் ஒரு வினோதமான ஆள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார் அல்லவா? கடைசிக் காட்சியில் அவரிடம் யார் நீ என்று கேட்கிறார்கள். இந்தக் கதையை எழுதியவனே நான்தான், கிறுக்குத்தனமான கற்பனை இல்லையா என்று சொல்லிவிட்டுக் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். 1943இல் மோனோகிராம் நிறுவனம் இப்படித் தன் படத்தைத் தானே கேலி செய்து முடித்திருக்கும்போது, நீங்களோ நானோ அதற்குக் காவல் நிற்க வேண்டியதில்லை.

‘அறிவியலின் மீதான அச்சம்’ என்ற தொடரையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எல்லோரும் எழுதுகிற தொடர் என்பதால் கையோடு வந்துவிட்டது. உங்கள் கடிதத்துக்குப் பின் ‘தி மேட் மான்ஸ்ட’ரை மீண்டும் பார்த்தேன், அதில் வேறொன்று இருக்கிறது.

படத்தின் தொடக்கத்திலேயே வரும் மேசைக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓநாய் ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றும் டாக்டர் கேமரன் (ஜார்ஜ் சூக்கோ) யாருமற்ற மேசையின் முன் நின்று பேசத் தொடங்குகிறார். காலி நாற்காலிகளில் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்திய பேராசிரியர்கள் நால்வரும் ஒவ்வொருவராக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உருவங்களாக, வந்து அமர்கிறார்கள். அவர்கள் ஏளனம் செய்கிறார்கள், இவர் பதில் சொல்கிறார். அந்த ஏளனத்தையும் இவரேதான் கற்பனை செய்துகொள்கிறார். ஓநாய் மனிதர்களின் படை ஒன்றை உருவாக்கிப் போரில் இறக்கலாம் என்று 1942இல், அமெரிக்கா உலகப்போருக்குள் நுழைந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரத்தில், அவர் அந்தக் காலி நாற்காலிகளிடம் விளக்குகிறார். அவருக்கு ஓநாயைப் பற்றியோ மனிதனைப் பற்றியோ அறிந்துகொள்ள எதுவுமில்லை. அந்த நால்வரும் தம் வாயால் ‘நீ சொன்னது சரி’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரே படச்சுருளில் இரு முறை படம்பிடிக்கும் இரட்டைப் பதிவு என்ற பழைய உத்தியில் எடுக்கப்பட்ட இந்தச் சில நிமிடங்களில், அவமானப்பட்ட ஒரு படிப்பாளியின் மனம் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருப்பது பெரிய நிறுவனங்களின் படங்களில்கூட அரிது என்பது என் எண்ணம்.

அறிவியல் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். 1667ஆம் ஆண்டில் பாரிஸில் ழான்-பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார்; சிறுவன் பிழைத்துக்கொண்டான். அதே ஆண்டின் பிற்பகுதியில், சித்தம் கலங்கித் தெருவில் திரிந்த ஒருவருக்குக் கன்றுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். ஏன் கன்று? கன்று சாதுவானது, அதன் ரத்தத்தோடு அதன் சாந்தமும் உடலுக்குள் போகும் என்பது எதிர்பார்ப்பு. கேமரனின் ஓநாய் ஊசியும் இதே தர்க்கம்தான், திசை மட்டுமே வேறு. இன்னும் அருகில் வரவேண்டுமென்றால் செர்ஜ் வொரனாஃப் இருக்கிறார். 1920 முதல் பாரிஸில் இவர் குரங்கின் விதைப்பையிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து, இளமை திரும்பும் என்ற நம்பிக்கையோடு வந்த முதியவர்களின் விதைப்பையில் வைத்துத் தைத்தார். வசதி படைத்தவர்கள் காத்திருந்து செய்துகொண்டார்கள். தேவைக்கான குரங்குகளை இத்தாலியின் கடலோரத்தில் ஒரு மாளிகையில் வைத்து வளர்த்தார். ‘தி ஏப் மேன்’ வெளியானபோது வொரனாஃப் உயிரோடுதான் இருந்தார். அவருடைய சிகிச்சைதான் அதற்குள் நகைப்புக்குரியதாகிவிட்டிருந்தது. ஆகவே அன்றைய பார்வையாளருக்குக் குரங்கின் சுரப்பியை மனிதனுக்கு வைப்பது என்பது வெறும் கட்டுக்கதையல்ல, பத்திரிகையில் படித்த செய்தி.

ஆனால் செய்திக்கும் படத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு, நான் கட்டுரையில் எழுதத் தவறியது அதைத்தான். வொரனாஃபிடம் பணக்காரர்கள் தாமே விரும்பிப் போனார்கள். கேமரனிடம் யாரும் போகவில்லை. அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவன் பெட்ரோ, வீட்டுத் தோட்டக்காரன், சூதுவாது தெரியாதவன். கேமரனின் பகை பேராசிரியர்களோடு, ஊசி பெட்ரோவுக்கு. பட்டைகளால் கட்டிலோடு கட்டப்பட்டு, கண்விழித்த பிறகு நடந்தது எதுவும் நினைவில்லாமல், எசமான் தனக்கு நல்லதுதான் செய்கிறார் என்று நம்புகிற அந்த முகத்தில், பெட்ரோவாக வரும் க்ளென் ஸ்ட்ரேஞ்ச் அதிகம் நடிக்கவில்லை, நடிக்கத் தேவையும் இல்லை. முடி முளைத்த பிறகும் அவன் மேல் இருப்பது அதே வேலைக்கார உடுப்புதான். வேறு உடை தைக்கப் பணமில்லை என்பது காரணமாக இருக்கலாம், இருக்கட்டும். அந்த உடுப்பு இல்லாவிட்டால் கொலை செய்வது யாருடைய உடல் என்பதை நாம் மறந்திருப்போம்.

நீங்கள் கேலி செய்த ஒட்டுமுடியைப் பற்றி ஒரு வார்த்தை. நடிகரைப் படுக்கவைத்துக் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு கட்டமாக முகத்தில் முடியை ஒட்டி, ஒவ்வொன்றையும் சில நொடிகள் பதிவுசெய்து ஒன்றை மற்றொன்றுக்குள் கரைப்பார்கள். தலை இம்மியளவு நகர்ந்தாலும் திரையில் முகம் துள்ளும். வசதி உள்ளவர்களுக்கு வேறு வழிகளும் இருந்தன. 1931இல் வந்த ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் முகத்தில் வண்ணச் சாயம் பூசி, கேமராவின் முன் வண்ண வடிகட்டிகளை மாற்றினார். சிவப்பு வடிகட்டியின் வழியே சிவப்புச் சாயம் தெரியாது. வடிகட்டி பச்சையாகும்போது அதே சாயம் கருமையாக எழும். வெட்டே இல்லாமல் ஒரு முகம் இன்னொன்றாகிவிடும். அடுத்த ஆண்டே அதே ஸ்ட்ரஸ், எச்.ஜி. வெல்ஸின் 1896 நாவலிலிருந்து எடுக்கப்பட்ட ‘ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தார். பாரமவுண்ட் தயாரிப்பு, மலிவான படம் அல்ல. பிரிட்டனில் 1958 வரை திரையிட அனுமதி கிடைக்காத படமும்கூட. விலங்குகளை அறுத்து மனிதராக்கும் மோரோவாக சார்லஸ் லாட்டன் அதில் அத்தனை இனிமையாகப் பேசுகிறார். அவருக்கும் தேவைப்பட்டது கேட்டு வியக்க ஒரு படித்தவர்தான். கரையொதுங்கிய விருந்தினர் கிடைத்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது.

என் வாதத்துக்கு எதிராக நீங்கள் ‘தி ஏப் மேன்’ படத்தையே எடுத்துக்காட்டலாம். பேலா லுகோசி நடித்த டாக்டர் ப்ரூஸ்டர், மனிதனைப் பாதிக் குரங்காக்கும் ஊசியைத் தனக்கேதான் போட்டுக்கொள்கிறார். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதனாகத் திரும்ப அவருக்கு வேண்டியது முதுகுத்தண்டு நீர்; அது பிறரைக் கொன்றுதான் கிடைக்கிறது. அதே ஆண்டு யுனிவர்சல் எடுத்த ‘கேப்டிவ் வைல்ட் வுமன்’ படத்திலோ, கொரில்லாவைப் பெண்ணாக்கத் தேவையான மூளை, இது தகாது என்று எதிர்த்துப் பேசிய செவிலியிடமிருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் படத்தில் இன்னொன்றும் உண்டு: அவள் மீண்டும் விலங்காகும்போது முதலில் தோல் கறுக்கிறது, பிறகே முடி வருகிறது. மனிதனுக்கும் குரங்குக்கும் நடுப்படியாக எந்த நிறத்தை வைத்தார்கள் என்பதை அன்றைய அரங்குகள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டன. அங்கே என்னால் சிரிக்க முடியவில்லை.

அச்சம் வரவில்லை என்கிறீர்கள். எனக்கும் வருவதில்லை. ‘தி ஏப் மேன்’ படத்தில் லுகோசியை நாம் முதன்முதலாகப் பார்ப்பது கொரில்லாவின் கூண்டுக்குள், அதன் அருகில். 1931இல் டிராகுலாவாக மாளிகைப் படியில் மெழுகுவத்தி ஏந்தி நின்றவர், 60 வயதில், தாடையைச் சுற்றி ஒட்டுமுடியோடு, கோட்டும் சட்டையும் அணிந்தபடி, கைகளைத் தொங்கவிட்டுக் குனிந்து வெளியே வருகிறார். அந்தக் காட்சியில் அவர் துளியும் கேலியாக நடிக்கவில்லை.

அன்புடன்.